முதல் பந்தி

அப்பாவின் வலது கை கதிரடிக்கும் மிஷினில் சிக்கி விரல்கள் போனபோது, நிலக்காரர் ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அம்மா அவர் வாசலில் போய் நின்றாள். "கூலிக்கு வந்தான், கூலி குடுத்தாச்சி. அதுக்கு மேல உனக்கும் எனக்கும் இன்னா இருக்குது?" என்று அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு எனக்கு ஆத்திரம்தான். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனியில் சேர்ந்த பிறகுதான் நிதானமாக யோசித்தேன். ஆள் சொன்னது நியாயம்தான். பேசிய வேலை, பேசிய கூலி. அதற்கு மேல் யாரும் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை. நல்ல சட்டம். ஆனால் அதை அவர் தன் பக்கத்துக்கு மட்டும் வைத்திருந்தார். அவர் வீட்டுக் கல்யாணம் என்றால் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் போய் எச்சில் இலை எடுக்க வேண்டும், கடைசியில் மிச்சத்தைச் சாப்பிட வேண்டும். அதற்குப் பேச்சும் கிடையாது, கூலியும் கிடையாது. வழக்கமாம்.

போன தையில் மகள் கல்யாணத்துக்குச் சொல்ல வந்தார். பந்தல், சமையல், பரிமாறுவது எல்லாம் கான்ட்ராக்ட். இலைக்கு மட்டும் நாங்கள்.

"பத்திரிகை வெச்சா தெருவே வரும் சார்," என்றேன்.

"கம்பெனிக்குப் போனதும் ரோஷம் வந்துட்ச்சா? சரி, வெச்சிட்டாப் போச்சி," என்று சிரித்தார். வீட்டுக்கு வீடு பத்திரிகை வந்தது. இலைக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று நம்பிவிட்டார் மனுஷன்.

தாலி கட்டியதும் இஸ்திரி போட்ட துணியில் தெருவே முந்திப் போய் முதல் பந்தியில் உட்கார்ந்தோம். பத்திரிகை வைத்தவர் எப்படி எழுப்புவார்? மாப்பிள்ளை வீட்டார் நின்றுகொண்டிருந்தார்கள். நான் பாயசத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கினேன்.

சாப்பிட்டு எழுந்ததும் அப்பா பழக்கதோஷத்தில் இலையை எடுக்கக் குனிந்தார். தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"வுடு நைனா. நாம சாப்பிட வந்தவங்க."

பரிமாறுகிறவர்களும் இலையைத் தொடவில்லை. நிலக்காரர் என்னிடம் வந்து பல்லைக் கடித்தார். "இன்னாடா இது? எடுக்கச் சொல்லு. சம்பந்தி ஊட்டுக்காரங்க நின்னுக்கினு கீறாங்க."

"அப்டி ஒண்ணும் பேசலியே சார்."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே குனிந்தார். முதலில் எடுத்தது அப்பாவின் இலையை. அப்பா பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் திருப்பவில்லை. கடைசி இலை வரைக்கும் நின்று பார்த்தேன். மனசு ஆறிவிட்டதா என்று கேட்டால், இல்லை. அவருக்குக் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மகள் இருக்கிறாள்.