கதவில் இருந்த கை

சூலக்கரையில் நான் புதிதாகத் திறந்திருக்கும் வண்டி ஸ்டிக்கர் கடைக்கு இன்றுதான் முதல் முழு வண்டி ஆர்டர் வந்தது. ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றும் பழைய வேன்.

டிரைவர் அண்ணன் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "தம்பி, கதவுல மட்டும் ஒட்டாதீக."

முதல் வேலையையே அரைகுறையாக விடுவதா? அவர் சாப்பிடப் போன நேரத்தில் கதவையும் கழுவித் துடைத்து, கறுப்பு ஸ்டிக்கரை ஒரு குமிழி இல்லாமல் இழுத்து ஒட்டிவிட்டேன்.

அவர் திரும்பி வந்து கைப்பிடிக்கு மேலே காட்டினார். புது ஸ்டிக்கரின் மேலேயே வெள்ளி நிறத்தில் ஐந்து விரல் தடங்கள். பட்டாசுக்குப் போடும் அலுமினியப் பொடி.

துடைத்தேன், போய்விட்டது. துணியை அலசிவிட்டு வந்தால், அதே இடத்தில் மறுபடியும்.

"மருந்து கலக்குற அக்கா கை, தம்பி. தினமும் அங்கன புடிச்சுத்தான் ஏறுவாக. வெடி விபத்துல அவுக போனதுக்கப்புறம் பெயிண்டும் அடிச்சுப் பாத்தாச்சு."

கிளம்பும்போது அவர் கதவைத் திறந்து, ஒரு ஆள் ஏறும் நேரம் நின்று, மெதுவாகச் சாத்தினார்.

குமிழி வந்தாலும் சுருக்கம் வந்தாலும் மாற்றித் தருவோம் என்று கடையில் போர்டு வைத்திருக்கிறேன். கை வந்தால் என்ன செய்வது? இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.