காயாத லேடில்

ஜொகூர் பாரு பக்கம் தெப்ராவில் ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் நான் கெமிஸ்டாக இருந்தபோது, சிங்கப்பூரில் பல வருடம் வேலை பார்த்த ஒருவரை எங்களுக்கு மேனேஜராகப் போட்டார்கள். அங்கே அவர் என்ன வேலை பார்த்தார் என்பது கடைசிவரை யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இரும்பு வேலை இல்லை என்பது மட்டும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

உலையிலிருந்து உருகிய இரும்பை ஏந்திப் போகும் பெரிய வாளியை லேடில் என்போம். அதன் உட்பக்கம் களிமண் போன்ற ஒரு பூச்சு. தேய்ந்த இடங்களைச் சாயங்காலம் பூசிவிட்டு, மறுநாள் காலையில் உள்ளே கேஸ் தீயை விட்டுச் சிவக்கும்வரை காய வைப்போம். மேனேஜர் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"காலி வாளிய எதுக்கு ரெண்டு மணி நேரம் சூடு காட்டுறீங்க?"

"ஈரம் போகணும் சார்," என்றார் இரும்பு ஊற்றுகிறவர். குளுவாங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். பதினைந்து வருடமாக அந்த லேடிலோடு நிற்பவர்.

மேனேஜர் தீ படாத ஓரத்தை விரலால் தொட்டார். "காஞ்சிதானே இருக்கு. அரை மணி நேரம் போதும் லா. சிங்கப்பூர்ல இப்படி கேஸ வீணாக்க மாட்டாங்க."

கொடியில் காயும் சட்டையைத் தொட்டுப் பார்க்கிற அறிவு அது. பூச்சுக்குள் தங்கிய ஈரம் உருகிய இரும்பு பட்டதும் பிரிந்து, அதிலுள்ள ஹைட்ரஜன் இரும்பில் கரைந்துவிடும். உருகிய நிலையில் இரும்பு அதை விழுங்கி வைத்துக்கொள்ளும், இறுகும்போது கக்கிவிடும். வெளியேற வழி கிடைக்காத வாயு, வார்ப்பின் தோலுக்குச் சற்று அடியில் துளைகளாக நின்றுபோகும். படித்த பாடம்தான் எனக்கு. ஆனாலும் புது ஆளிடம் வந்ததும் வராததுமாக எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அரை மணி நேரம்தான். இரண்டு வாரத்தில் நாங்கள் வார்த்த பம்பு உறைகள் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தன. வெளியே பார்க்க அத்தனை அழகு. லேத்தில் ஒரு சுற்றுச் சீவினால் ஊசியால் குத்தியது போலத் துளைகள்.

மேனேஜர் கூட்டம் போட்டார். இரும்பு ஊற்றுகிறவரின் கை நடுங்குகிறதாம், அதனால் காற்று புகுந்துவிடுகிறதாம். அவரை வார்ப்பின் பிசிறைத் தேய்க்கிற கிரைண்டிங் பிரிவுக்குத் தள்ளினார். அடுத்து எங்கள் எல்லோரையும் ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுத்தார். டை கட்டிய ஒருவர், "தரம் என் மூச்சு" என்று எங்களைக் கை தட்டிக் கத்தச் சொன்னார். கத்தினோம். மத்தியானம் கோழிக்கறி நன்றாக இருந்தது. அதே வாசகத்தை எழுதி உலைக்கு மேலே தொங்கவிட்டார்கள். ஒரே வாரத்தில் கரி பிடித்து "தரம்" மறைந்துவிட்டது, மூச்சு மட்டும் மிச்சம்.

புது ஆள் ஊற்றினார். துளைகள் போகவில்லை.

அப்புறம்தான் எனக்குச் சொரணை வந்தது. ஒவ்வொரு உறையிலும் ஊற்றிய வரிசை எண் இருக்கும். கெட்டவற்றின் எண்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் காலையில் முதலில் ஊற்றியவை. மத்தியானத்துக்குள் இரும்பின் சூட்டிலேயே லேடில் காய்ந்துவிடுவதால் பிற்பாடு ஊற்றியவை சுத்தமாக இருந்தன. மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"நீங்க என்ன கெமிஸ்ட்டா?" என்றார்.

"ஆமா சார். லேப் கதவுலயே எழுதியிருக்கு."

அவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

வாடிக்கையாளரின் இன்ஜினியரம்மா வருவதாக இருந்த காலையில், நான் யாரையும் கேட்காமல் ஒரு லேடிலை இரண்டு மணி நேரமும் இன்னொன்றை அரை மணி நேரமும் சூடாக்கச் சொன்னேன். அந்தம்மா முன்னால் இரண்டிலும் ஊற்றிய உறைகளை லேத்தில் சீவிக் காட்டினோம். ஒன்று கண்ணாடி மாதிரி இருந்தது. இன்னொன்று முழுக்கத் துளை. அவர் விரலால் தடவிவிட்டு, "லேடில் காயல," என்றார்.

"இதத்தான் நான் மொதல்லேர்ந்து சொல்லிட்டிருக்கேன்," என்றார் மேனேஜர். யாரும் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் வெட்கத்தைத் தேடினேன். அதற்கான இடமே அங்கே இல்லை.

கிரைண்டிங் பிரிவுக்குப் போய்ப் பழையவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்தினார்.

"ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"சரி," என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவரைத் திரும்ப லேடிலுக்கு அனுப்பச் சொல்லி மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். "அங்க செட் ஆயிட்டார்ல, விடுங்க," என்று பதில் வந்தது. அடுத்த மாதம் அவர் பக்கத்து ஊரான மாசாயில் வேறு வேலைக்குப் போய்விட்டார். மேனேஜருக்கு அந்த வருடம் தரத்துக்கான கேடயம் கொடுத்தார்கள். கூட்டத்தில் நானும் கை தட்டினேன்.