‘அந்த மாதிரி’ன்னா எந்த மாதிரி?

எங்க தொழில்ல உடம்புக்கு இருக்குற வேலையவிட பேச்சுக்கு இருக்குற வேலைதான் கூட.

நான் பொறந்தது கஹவத்தைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல. இப்ப முப்பத்தெட்டு வயசு. இரத்தினபுரி டவுன்ல ஒரு தையல் கடைக்குப் பின்னால சின்ன வீடு ஒண்ண வாடகைக்கு எடுத்து, நானும் ஸ்ரீயானின்னு ஒரு சிங்களக் கூட்டாளியும் பதினோரு வருசமா இந்தத் தொழிலச் செய்றோம். நடுவுல தரகர் யாரும் இல்ல. வர்றவர் முதல்ல போன்ல, மனசுல என்ன ஆசை இருக்குன்னு சொல்லணும். ஏலும்னா வாங்கன்னு சொல்லுவோம். ஏலாதுன்னா ஏலாது.

கேக்க லேசாத்தான் இருக்கும். ஆனா தமிழ்ல இதப் பேச ரெண்டு வகை வார்த்தைதான் இருக்கு. ஒண்ணு சண்டையில ஏசுறது, மத்தது டாக்டர்மார் எழுதுறது. நடுவுல ஒண்ணுமே இல்ல. அதனால எல்லாரும் ‘அது’, ‘மத்தது’, ‘அந்த மாதிரி’ன்னு இழுப்பாங்க. பார்மசியில நிக்கிறவங்க, கந்தோர்ல சனங்களுக்குப் பதில் சொல்றவங்க, உங்களுக்கெல்லாம் இந்தப் பாடு தெரியும். என்ன வேணும்னு வாயத் தொறக்காத ஆளுகிட்ட இருந்து என்ன வேணும்னு கண்டுபிடிக்கணும். ஆள் அடையாளமெல்லாம் மாத்தித்தான் சொல்றேன், பயப்படாமப் படிங்க.

சீசன் டிக்கட்

தெரணியகலைப் பக்கம் ஓடுற ஒரு பஸ்சுல கண்டக்டரா இருக்குறவர் மூணு தடவை போன்ல கோல் எடுத்தார். மூணு தடவையும் ‘அந்த மாதிரி’யத் தாண்டி வரல்ல. நான் ஒண்ணொண்ணாக் கேட்டேன். நர்சா? இல்லையாம். பொலிஸா? ஐயோ வேணாமாம். நாலாவது கோல்லதான் மூச்சப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார்: நான் டிக்கட் எடுக்காம பஸ்சுல ஏறின பொம்பளை, அவர் பிடிக்கணும், நான் கெஞ்சணும். எனக்கு அதுல ஒரு கஸ்டமும் இல்ல. கையப் பிடிக்கலாம், முறுக்கக் கூடாது. பொலிஸ்ல குடுப்பேன்னு மட்டும் மிரட்டக் கூடாது, அது எங்களுக்கு வெளையாட்டு இல்லன்னு சொன்னேன். ரெண்டுக்கும் சரின்னார்.

கட்டில பஸ் சீட்டா நெனச்சு நான் உக்காந்தேன். அவர் பைய கக்கத்துல இடுக்கிக்கிட்டு, பஸ் குலுங்குற மாதிரியே ஆடி ஆடி வந்து, எங்க ஏறினீங்கன்னு கேட்டார். அவர் கேட்ட தோரணையில எனக்கு நெசமாவே பஸ்சுல போற நெனப்பு வந்துருச்சு. கெஞ்சுறத மறந்துட்டு, என்கிட்ட சீசன் இருக்குன்னு சொல்லிட்டேன். மனுசன் அப்படியே நின்னுட்டார். சீசன் இருக்குற ஆள எப்படிப் பிடிக்கிறதுன்னு அவருக்கு விளங்கல்ல. கட்டில் ஓரத்துல உக்காந்து, ரொம்பக் கவலையாச் சொன்னார்: “சீசன் இருக்குன்னு ஏறும்போதே காட்டியிருக்கலாமே, மிஸ்.”

நிப்பாட்டாமப் பேசணும்

இவர் ஒரு கல் முதலாளி, மாணிக்க யாவாரம். சிங்களவர், தமிழ்ல ஒரு சொல்லும் தெரியாது. அவரோட ஆசை, காதுக்குப் பக்கத்துல நான் தமிழ்ல பேசிக்கிட்டே இருக்கணும். என்ன பேசுறதுன்னு கேட்டேன். எதுவா இருந்தாலும் பரவாயில்ல, நிப்பாட்டக் கூடாதுன்னார். முதல் அஞ்சு நிமிசம் கண்ணு, ராசா, தங்கம்னு சமாளிச்சேன். அதுக்கு மேல வரல்ல. நான் நிப்பாட்டினா அவரும் நிப்பாட்டிட்டு என் முகத்தப் பாக்குறார்.

வேற வழியில்லாம, சின்ன வயசுல தோட்டத்துல ரப்பர் பால் வெட்டப் பழகினத மெல்லிசா ஒப்பிக்க ஆரம்பிச்சேன். கத்தியச் சாய்ச்சுப் பிடி, பட்டைய ஆழமா வெட்டிராத, மரம் காயப்பட்டுரும், பால் எறங்குற வரைக்கும் பொறு, சிரட்டையத் தொடச்சு நேரா வை. முதலாளிக்குக் கண்ணு சொருகிப் போச்சு. அது என்ன கவிதையான்னு வேற கேட்டார். ஆமான்னு சொல்லிட்டேன். கிளம்பும்போது கதவுகிட்ட நின்னு, போயிட்டு வாறேன்னு சிங்களத்துல சொல்லி, ஞாபகத்துல நின்ன ஒரே ஒரு தமிழ் வார்த்தைய என் பேர் மாதிரி ஆசையாச் சேத்துக்கிட்டார்: “கிஹின் என்னங், சிரட்டை.”

கூப்பிடுற முறை

அறைக்குள்ள யாரும் என்னை அக்கா, அண்ணின்னு கூப்பிடக் கூடாது. இது என்னோட சட்டம். ரோட்டுல கூப்பிடுங்க, கடையில கூப்பிடுங்க, சந்தோசம். இங்க கூப்பிட்டா எனக்கு என் தம்பி நெனப்பு வந்துரும், அப்புறம் வேலை ஓடாது. கேகாலைப் பக்கம் தேவாலயத்துல பாட்டுப் பாடுற ஒருத்தர், என்னைவிட நாலு வயசாவது மூத்தவர், உச்சியில முடியெல்லாம் போயிருச்சு, வார்த்தைக்கு வார்த்தை அக்கா அக்கான்னார். ரெண்டு தடவை சொல்லிப் பாத்தேன். மூணாவது தடவை எழும்பி உக்காந்து, வேற ஏதாச்சும் சொல்லிக் கூப்பிடுங்க, இல்லன்னா சட்டையப் போட்டுக்கங்கன்னேன். பாவம், நல்லாவே யோசிச்சார். யோசிச்சுட்டு மரியாதையாக் கேட்டார்: “அப்ப, சிஸ்டர்னு கூப்பிடலாமா?”

ஒரு பயிற்சி வகுப்பு

கொழும்புல இருந்து ஒரு மிஸ் எங்களுக்கு வகுப்பு எடுக்க வந்தாங்க. பலகையில ‘வாடிக்கையாளரின் பாலியல் கற்பனைகளும் எல்லைகளை வகுத்தலும்’னு எழுதினாங்க. ஏலாதுங்கிற ஒரு வார்த்தைக்கு இவ்வளவு நீளமா பேர் இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். கிண்டல் பண்ணல்ல. எங்களப் பத்திப் பேசும்போது கொரலத் தாழ்த்தாத முதல் ஆள் அவங்கதான். பழைய வார்த்தையெல்லாம் விட்டுட்டு, நாங்களே எங்களப் பாலியல் தொழிலாளின்னு சொல்லிப் பழகணும்னாங்க. எல்லாரும் தலையாட்டினோம். ருவான்வெல்லைப் பக்கம் பத்து வருசம் பால் வெட்டிட்டு அப்புறம் இந்தத் தொழிலுக்கு வந்த ராணிக்கா மட்டும் கையத் தூக்கினாங்க: “தொழிலாளின்னா எங்களுக்கும் ஈ.பி.எஃப். கட்டுவாங்களா, மிஸ்?”

வெள்ளைக் கால்சட்டை

ஒரு தோட்டத்து ஆபிஸ்ல பெரிய கிளாக்கரா இருந்து பென்சன் எடுத்த ஒருத்தர் கோல் எடுத்தார். தமிழ் ஆள், தங்கமான பேச்சு. அவர் தோட்டத்துத் தொரையாம். நான் வேலைக்குப் பிந்தி வந்த ஆளாம். காலையில வேலை பிரிக்கிற பெரட்டுல எல்லாருக்கும் முன்னால நிக்க வச்சு அவர் ஏசுவாராம். பிந்தி வந்தா தோட்டத்துல முழு நாள் சம்பளம் போட மாட்டாங்க, அரைப் பேர்தான் போடுவாங்க. அதையும் அவர் தன் வாயால சொல்லணுமாம். நான் சட்டத்தச் சொன்னேன். ஏசலாம். சாதியச் சொல்லி ஏசக் கூடாது, அம்மாவ இழுக்கக் கூடாது, தோட்டத்து ஆளுங்களச் சொல்ற அந்த வார்த்தை வரவே கூடாது. சரி சரின்னார்.

அவர் பைய எடுத்துக்கிட்டுப் போய் உடுப்பு மாத்திட்டு வந்தார். முழங்கால் வரைக்கும் வெள்ளைக் கால்சட்டை, காலுல நீள மேஸ், கையில ஒரு பிரம்பு. எனக்குச் சிரிப்ப அடக்க ஏலல்ல. தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அவரும் நல்லாத்தான் ஆரம்பிச்சார். ஏன் பிந்தி வந்த, வீட்டுல சேவல் கூவலயான்னார். அப்படியே கொரல் ஏறிப் போய், தோட்டக்காட்டு நாயேன்னுட்டார்.

நான் நிமிந்து நின்னு கதவத் தொறந்தேன். எனக்கு ஒம்பது வயசுல இதே வார்த்தைய எங்க அம்மா பெரட்டுல வாங்கினாங்க. நான் பக்கத்துல நின்னேன். அன்னைக்கு அம்மா அழல்ல, லயத்து வீட்டுக்கு வந்து சோறு ஆக்கி எங்களுக்குப் போட்டுட்டு, அவங்க சாப்பிடாமப் படுத்துக்கிட்டாங்க. இத நான் நெசமாவே கேட்டாச்சு, வெளையாட்டுக்கு இன்னொரு தடவை கேக்க ஏலாது, நீங்க போங்கன்னு சொன்னேன். அவர் பிரம்பக் கீழ வச்சார். தானா வந்துருச்சும்மான்னார். வேலை செஞ்ச அத்தனை வருசமும் தொரைக்குப் பக்கத்துல பேர் போடுற புத்தகத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னு அதைக் கேட்டாராம். ஒரு நாளும் வாயத் தொறக்கலயாம். வெள்ளைக் கால்சட்டைக்கு மேலயே சாரத்தக் கட்டிக்கிட்டுப் போயிட்டார். ஸ்ரீயானி பிளேன்டீ ஊத்திக் குடுத்தா. அந்த ஆள் நம்பர பிளாக் பண்ணச் சொன்னா. ஏனோ பண்ணல்ல.

ரெண்டு கிழமை கழிச்சு அவரே கோல் எடுத்தார். அந்த வார்த்தைய அவர் வாயில இருந்து எந்த எடத்துலயும் இனி யாரும் கேக்க மாட்டாங்கன்னார். மன்னிப்பாக் கேட்டார்னு வச்சுக்கங்க. நான் சரின்னேன். அவர் உடனே போன வைக்கல்ல. இழுத்தார். மறுபடியும் ‘அந்த மாதிரி’தான்னு நெனச்சுக்கிட்டுப் பொறுமையா இருந்தேன். கடைசியில கூச்சத்தோட கேட்டார்: “இந்தத் தடவை நீங்க தொரையா இருந்துக்கங்க, நான் பிந்தி வந்த ஆளா நிக்கிறேன், ஏசிட்டு அரைப் பேராவது போட்டுருவீங்கதானே?”

சட்டையக் கழட்ட அரை நிமிசம்கூட எடுக்காத ஆம்பளைங்களுக்கு, உள்ளுக்குள்ள இருக்குறத ஒரு வரியில சொல்ல ஆயுசுல பாதி போயிருது.