முதல் துளையின் பொன்

தங்கம் தேடுகிற இடத்தில் தங்கம் அணியக்கூடாது. எங்கள் தொழிலில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம் இதுதான். பாறைத்தூள் பையைத் தொடுவதற்கு முன் மோதிரம், வளையல், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும். மோதிரம் லேசாக உரசி ஒரு துகள் பைக்குள் விழுந்தால் போதும், ஆய்வுக்கூடம் அதைக் கண்டுபிடித்து, இல்லாத சுரங்கத்தை இருப்பதாகச் சொல்லிவிடும். என் தாலிச் சங்கிலி விஷயத்தில் எனக்கும் மாமியாருக்கும் நடந்த வாய்ச்சண்டை தனிக்கதை. அதை இங்கே இழுக்கவில்லை.

மோதிரம் கழற்றுவது எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. அப்பா புனே நகரத்துக் கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தீப்பொறி வரும் என்று அங்கே உலோகம் எதையும் உள்ளே விடமாட்டார்கள். தினமும் காலையில் கல்யாண மோதிரத்தைக் கழற்றி சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். இரண்டு தலைமுறையாக நாங்கள் மோதிரத்தைக் கழற்றிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருக்கும், மறைக்கப்போவதில்லை.

நான் ஜியாலஜிஸ்ட். இப்போது உட்காருவது அதே புனேயில், கராடியில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில். சுற்றியிருக்கிற தமிழர்கள் எல்லோரும் சாஃப்ட்வேர். லிஃப்டில் பார்த்தால், "எந்த ப்ராஜெக்ட் மேடம்?" என்பார்கள். "பாறை" என்பேன். அடுத்த மாடியில் இறங்கிவிடுவார்கள். வீடு ஔந்தில். காலையில் ஔந்திலிருந்து கராடிக்கு வந்து சேரும் நேரத்தில் எங்கள் ரிக், அதாவது பாறையைத் துளைக்கிற வண்டி, அறுபது மீட்டர் துளை போட்டு முடித்திருக்கும்.

ரிக் இருப்பது சத்தீஸ்கர் காட்டில். மண்ணைக் கிளறினால் ஏதாவது ஒரு தாது தட்டுப்படுகிற பூமி அது. கல்யாணத்துக்கு முன் ஐந்து வருடம் அங்கே ஓர் இரும்புத்தாதுச் சுரங்கத்தில் இருந்தேன். சோற்றிலும் செம்மண், தலையணையிலும் செம்மண். தாது ஏற்றிய லாரிகள் வரிசையாக மலை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பேன். அடுத்த மாதம் எந்தப் பக்கத்தை வெட்டவேண்டும் என்று சொல்வது என் வேலை. புனேயில் மெட்ரோ தூண்களைக் கடக்கும்போதெல்லாம், உள்ளே இருக்கும் கம்பியில் நான் காட்டிய கல்லும் இருக்குமோ என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

இந்த முறை நாங்கள் போனது புதிய தாதுக்களைத் தேட. ஒன்றுக்கொன்று தொலைவில் மூன்று பகுதிகள். ஒவ்வொன்றிலும் வரிசையாகத் துளைகள். ரிக்கின் காற்றழுத்தம் பாறையைப் பொடியாக்கி மேலே தள்ளும், மீட்டருக்கு ஒரு பையாக அதைப் பிடித்து, எண் எழுதி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். முடிவுகள் என் கணினிக்கு வரும். ஒருநாள் வந்த பட்டியலில் தங்கம் இருந்தது. சும்மா மினுக்கென்று அல்ல, நன்றாகவே இருந்தது. அதுவும் மூன்று பகுதிகளிலும், ஒவ்வொன்றிலும் ஒரு துளையில், முதல் மீட்டரிலேயே.

முதலில் பார்த்தது நான்தான். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். என் மேலாளர் மராட்டியர், நல்ல மனிதர், ஆனால் இரண்டு புள்ளியைக் கண்டால் கோடு இழுத்துவிடுவார். இங்கே மூன்று புள்ளி. வரைபடத்தில் மூன்றையும் இணைத்து நீளமாக ஒரு சிவப்புக் கோடு இழுத்தார், இது ஒரு தங்கப் பட்டை என்றார். மற்ற துளைகளில் ஒன்றுமே இல்லையே என்று நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. ஏனென்றால் அன்று மாலையே, வேலையைக் கொடுத்த கம்பெனிக்காரர்கள் திரையில் இருக்க, "கண்டுபிடித்தது இவர்" என்று என்னைக் காட்டினார். கை தட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அப்பாவுக்கு போன் செய்தேன்.

"இன்னாமா சொல்ற? தங்கமா? பக்காவா?"

"பக்காப்பா."

"அரே வா!" என்று கத்தியவர், போனை வைக்காமலேயே தெருவில் இறங்கிவிட்டார். எதிர் இனிப்புக்கடையில் பேடா கேட்கிற குரல் எனக்குக் கேட்டது. அப்பா சிக்கனக்காரர். கால் கிலோ வாங்கி, ஒவ்வொன்றையும் இரண்டாக உடைத்து, வரிசை வீடுகளுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார். "என் பொண்ணு தங்கம் கண்டுபிடிச்சிட்டா" என்று தமிழ் வீடுகளில் தமிழிலும், மராட்டி வீடுகளில் மராட்டியிலும் சொல்லியிருக்கிறார்.

அறிக்கை எழுத ஒரு வாரம் கொடுத்தார்கள். பட்டியலைத் துளை எண் வரிசையில் அடுக்கினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. முதல் பகுதியில் தங்கம் இருந்தது ஒன்றாம் எண் துளையில். இரண்டாம் பகுதியிலும் ஒன்றாம் எண். மூன்றாம் பகுதியிலும் அதே. நாங்கள் எந்தத் துளையை முதலில் போட்டு ஒன்றாம் எண் கொடுத்தோம் என்பது பாறைக்கு எப்படித் தெரியும்?

ஆய்வுக்கூடத்தின் மேல் தப்பில்லை. அவர்களைச் சோதிக்க நாங்கள் பைகளுக்கு நடுவே ஒன்றுமில்லாத கல்லையும் பொடித்து அனுப்புவோம். அது ஒன்றுமில்லை என்றே வந்திருந்தது. ஆகவே தங்கம் உண்மையிலேயே பையில் இருந்திருக்கிறது. பைக்குள் அது எப்படிப் போனது என்பதுதான் கேள்வி.

ரிக்கை ஓட்டும் டிரில்லர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். இந்தியா முழுக்க போர் போடுகிற வண்டிகள் அங்கிருந்துதானே போகின்றன. ஐம்பது வயதிருக்கும். காட்டில் தமிழ் கேட்டதில் அவருக்கு ஒரே சந்தோஷம், என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். அலுவலகத்தில் யாரிடமும் சொல்லாமல், வண்டி நிறுத்துமிடத்தில் என் காருக்குள் உட்கார்ந்து அவருக்கு போன் போட்டேன்.

"அண்ணா, புது எடத்துல மொத துளை போடறதுக்கு முன்னாடி என்னெல்லாம் பண்ணுவீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"என்னத்தங்க அம்மிணி, வழக்கமாப் பண்றதுதானுங்க. எடத்தக் கூட்டித் தண்ணி தொளிப்போம். வண்டிக்கு மால போட்டு, கற்பூரம் காட்டி, தேங்கா ஒடைப்போம். சின்னதா ஒரு குழி நோண்டி மஞ்சளு, பூவு, பொன்னு போட்டு மூடுவோம். அதுக்கு மேலதானுங்க வண்டிய நிறுத்தித் தொளைய ஆரம்பிக்கறது."

"பொன்னா?"

"ஒரு குந்துமணி அளவுதானுங்க. மொதலாளி ஊர்லயே மஞ்சத்துணில முடிஞ்சு குடுத்துடுவாரு, எடத்துக்கு ஒண்ணுன்னு. பூமாதேவியக் கொடையப் போறோம், வெறுங்கையோடயா போய் நிக்கறதுங்க?"

கண்ணை மூடிக்கொண்டேன். அவர்கள் காலமெல்லாம் தண்ணீருக்காகத் துளை போட்டவர்கள். கிணற்றின் முதல் மீட்டர் மண்ணை எவன் ஆய்வுக்கு அனுப்பினான்? இங்கே துளைமுனை அந்தக் குந்துமணியை அரைத்துத் தூளாக்கி நேராக முதல் பைக்குள் தள்ளியிருக்கிறது. என் தங்கம் திருச்செங்கோட்டில் யாரோ ஒரு பத்தர் எடை போட்டுக் கொடுத்தது. ஒரு பை பாறைத்தூளில் ஒரு குந்துமணி என்றால் அது பெரிய சுரங்கத்துக்கு உண்டான கணக்கு.

அவரே கேட்டார். "அம்மிணி, நாங்க ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டமுங்களா?"

சொன்னேன். ரிக்கை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். பிறகு, "வண்டிய நம்பி எட்டுப் பேரு இருக்கோமுங்க. திருட்டுப் பேரு வந்துருச்சுன்னா வேற எவனும் வேல தரமாட்டானுங்க" என்றார். குரல் ஒடுங்கியிருந்தது.

அவர் பயம் நியாயமானது. சாம்பிளில் தங்கத்தைக் கலந்து ஊரை ஏமாற்றுவது எங்கள் தொழிலின் மகாபாதகம். அந்தப் பழி ஒருமுறை விழுந்தால் ஜென்மத்துக்கும் போகாது. வேண்டுமென்றே செய்தார்களா, பக்தியில் செய்தார்களா என்று கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது.

நான் ஒன்றும் உத்தமி இல்லை. அந்தக் காருக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த விஷயம் தெரிந்தது எங்கள் இருவருக்கும் மட்டும்தான், அதுவும் தமிழில். சும்மா இருந்துவிட்டால் அடுத்த கட்டத் துளைகளில் ஒன்றும் கிடைக்காது, பட்டை அங்கேயே முடிந்துவிட்டது என்று எழுதிவிடலாம். அவர்களுக்கும் பழி இல்லை, என் கைதட்டலும் என்னிடமே இருக்கும். இப்படியெல்லாம் யோசித்தேன். பிறகு வரைபடத்தின் அந்தச் சிவப்புக் கோடு நினைவுக்கு வந்தது. அது சும்மா தாளில் போகிற கோடு இல்லை. வழியில் சால் மரக்காடு, இரண்டு ஊர்கள், அவர்களுடைய வயல்கள். ஒரு குந்துமணிப் பூஜைப் பொன்னை நம்பி அங்கே வண்டிகளை அனுப்பப் போகிறோமா என்று நினைத்ததும் எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

மறுபடி போன் போட்டேன். "அண்ணா, அந்தப் பூஜைய யாராவது போட்டோ எடுத்தீங்களா?"

"வீடியோவே இருக்குதுங்க அம்மிணி. மூணு எடத்துலயும் எடுத்தோம். நான் ஸ்டேட்டஸ்ல கூட வெச்சேனுங்களே, நீங்க பாக்கலீங்களா?"

நான் பார்த்திருக்கவில்லை. அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் கூட்டத்தில், எல்லோரும் திரையில் வந்ததும், "நான் கண்டுபிடித்த தங்கம் அந்தப் பாறையின் தங்கமில்லை" என்று ஆரம்பித்தேன். ஒன்றாம் எண் விஷயத்தைக் காட்டினேன், டிரில்லர் சொன்னதைச் சொன்னேன். மேலாளரின் முகம் சுருங்கியது. திரையில் ஒருவர், "இது மோசடி. அந்த ஆட்களை இன்றே வேலையைவிட்டு அனுப்புங்கள்" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "மோசடி செய்கிறவன் கற்பூரம் காட்டி, பக்திப்பாட்டு வைத்து, ஸ்டேட்டஸிலும் போடுவானா?" என்று இந்தியில் கேட்டுவிட்டு வீடியோவை ஓடவிட்டேன். டிரில்லர் அந்தப் பொன்னைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, குழியில் போட்டார். அங்கே நிறுத்தினேன். அவருக்குப் பின்னால் கைகூப்பி நின்றவர், பைகளை மேற்பார்வையிட எங்கள் கம்பெனியே அங்கே அனுப்பிய ஜியாலஜிஸ்ட். வாயில் தேங்காய்ச் சில்லு.

"மோதிரத்தைக் கழற்று என்று எழுதி வைத்திருக்கிறோம். பூஜையில் என்ன போடுவீர்கள் என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. கேட்டதும் ஒரு வார்த்தை மறைக்காமல் சொன்னார். தப்பு நம்முடையது. அவர்களை அனுப்புவதென்றால் முதலில் என்னை அனுப்புங்கள்" என்றேன். வீட்டுக்கடன் எல்லாம் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மேலாளர் தேங்காய்ச் சில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "மூன்று இடத்திலும் பக்கத்திலேயே இன்னொரு துளை போடுவோம். அதே வண்டி, அதே ஆட்கள்" என்றார். வரைபடத்தைத் திறந்து, தான் இழுத்த சிவப்புக் கோட்டைத் தானே அழித்தார். அவர்மேல் அன்று எனக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

புதுத் துளைகள் போடும் காலை டிரில்லர் கூப்பிட்டார். "பொன்னு வேண்டாம்னுட்டீங்க. வெறுங்கையோட நிக்க மனசு கேக்கலீங்களே. என்ன போடறதுங்க?"

"பூ போடுங்கண்ணா."

"பூ மட்டும் போதுமுங்களா?"

"போதும். பூவ லேப்ல கண்டுபிடிக்க மாட்டாங்க." சிரித்தார். பல நாள் கழித்து அவர் சிரித்தது அப்போதுதான்.

முடிவுகள் வந்தன. மூன்றிலும் தங்கம் இல்லை. பட்டியலில் அந்தக் கட்டங்கள் காலியாக இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வந்த பெருமை, தங்கத்தைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரியது. கைதட்ட யாரும் இல்லை. தேவையாகவும் இல்லை. எட்டுப் பேரும் அதே வண்டியில் இருந்தார்கள். எங்கள் விதிமுறைப் புத்தகத்தில் மோதிரத்துக்குக் கீழே ஒரு வரி சேர்ந்தது: பூஜையில் பூ, மஞ்சள், தேங்காய் மட்டும். அந்த வரி நான் எழுதியது.

மிச்சம் இருந்தது அப்பா. ஞாயிற்றுக்கிழமை கட்கிக்குப் போனேன். வரிசையில் நுழைந்ததுமே ஒரு மராட்டிக்கார அம்மா, "தங்கப் பொண்ணு வந்தாச்சு!" என்று அவர் பாஷையில் கூவினார். நான் கூனிக் குறுகிப் போனேன். உள்ளே போய் அப்பாவிடம் முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீ சொல்லாம உட்டிருந்தா யாருக்குனா தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுப்பா."

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஊரெல்லாம் சொல்லிவிட்டாரே, தலைகுனிவாகத்தானே இருக்கும் என்று நான் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரத்தில் வாசலில் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கையில் பேடா டப்பா. அன்றைக்குத் தட்டிய அதே கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அங்க தங்கம் இல்லன்னு என் பொண்ணு கண்டுபிடிச்சிட்டா, எடுத்துக்கோ."

புரியாமல் விழித்தவர்களுக்கு அவர் விளக்கம் சொல்லவில்லை. கை நிறைய எடுத்து நீட்டினார். இந்த முறை ஒரு பேடாவைக்கூட அவர் உடைக்கவில்லை.