வெடுக்கென்று திரும்பிய தலை

அச்சங்குளத்து மாரீஸ்வரன் பட்டாசுக் கம்பெனியின் மருந்துக் கலவை அறையிலேயே வயசைக் கழித்தவர். அங்கே கையைச் சடாரென நீட்டக் கூடாது. காலைத் தேய்த்து நடக்கக் கூடாது. யாராவது கூப்பிட்டாலும் உடம்போடு சேர்ந்து மெள்ளத்தான் திரும்ப வேண்டும். உரசினால் உயிர் போச்சு. அந்தப் பதனம் அவர் எலும்புக்குள் இறங்கியிருந்தது.

இடது காதுக் கோளாறில் தலைசுற்றல் வந்தது. நிற்கிற தரை கவிழும், குடல் புரளும். மாத்திரைக்கு அடங்காமல், மதுரையில் ஆபரேஷன் செய்து அந்தக் காதின் சமநிலை நரம்பை வெட்டிவிட்டார்கள். சில மாதம் தேவலை. பிறகு மறுபடியும் சுற்றல். பெண்டாட்டி பாண்டிமீனா தோளைப் பிடிக்காமல் வாசலைத் தாண்ட முடியவில்லை. ஆடுகிற ஆளை எந்தக் கம்பெனி கேட்டுக்குள் விடும்? வேறு வேலையும் அவருக்குத் தெரியாது.

மறுபடி மண்டையைத் திறப்பார்களோ என்ற பயத்தோடு விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போனார். வெட்டிய நரம்பில் மிச்சம் எதுவும் ஒட்டிக்கொண்டில்லை, மறுபடி கத்தி வேண்டாம் என்று டாக்டர் சொல்லி, மாத்திரையையும் குறைத்து, தலைசுற்றலுக்குப் பயிற்சி கொடுக்கும் நசிமாவிடம் அனுப்பினார். மாரீஸ்வரன் நடந்து வந்ததைப் பார்த்ததுமே அந்தப் பெண்ணுக்கு விளங்கிவிட்டது. தலை இம்மியும் அசையவில்லை. ஒரு காது போனாலும், மிச்சக் காதையும் கண்ணையும் பாதத்தையும் வைத்து உலகத்தை நிறுத்திப் பிடிக்க மூளை தானே படித்துக்கொள்ளுமாம். தலை அசைந்தால்தான் அதற்குப் பாடமாம். இவரோ தலையை வெடிமருந்துத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு திரிந்திருக்கிறார்.

கட்டைவிரலை நீட்டி, அதைவிட்டுக் கண்ணை எடுக்காமல் தலையை வேகமாக ஆட்டச் சொன்னாள்.

“வெடுக்குன்னு திருப்புனா எங்க ரூமுல சங்குதான் தாயி.”

“இது வெடிக்காதுண்ணே. உள்ள மருந்து இல்ல.”

“உள்ள ஒண்ணுமே இல்லேன்னு நான் கலியாணமான நாள்லருந்து சொல்லுதேன்” என்றாள் பாண்டிமீனா.

அன்று வாந்திதான் மிச்சம். ஆனாலும் விடவில்லை. வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு தினமும் தலையை ஆட்டினார்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், பாண்டிமீனாவோடு ரோட்டோரம் நின்றவருக்குப் பின்னால் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. உடம்பு நிற்க, தலை மட்டும் வெடுக்கென்று திரும்பியது. ரோட்டோர வேம்பு சுற்றாமல் நின்றது. பஸ் நின்றது. தரை அசையவில்லை. திகைத்துப்போய் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

“என்ன, சாமி வந்துருச்சா?” என்றாள் பாண்டிமீனா.

“நிக்கிது பிள்ளே. அம்புட்டும் நின்ன எடத்துலயே நிக்கிது.”

டாக்டர் சரியென்ற பிறகு கம்பெனியில் சேர்த்துக்கொண்டார்கள். கேட்டைத் தாண்டியதும் தலை தானாக மெள்ளத் திரும்புகிறது. வேலை விட்டு வெளியே வந்தாலோ, பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே, நின்ற இடத்தில் நிற்கும் உலகத்தைப் பார்த்துக்கொண்டு வீடு வருகிறார்.