கூழைக்கடாக்களின் மேஜர்

“பதினாறு?”

“உள்ளேன் ஐயா.”

“பதினேழு?”

பதிலில்லை. சிட்னிப் புறநகர் டூங்கபியில், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் காலை ஆறு மணிக்கு மேஜர் வரதராஜன் கூழைக்கடாக்களுக்கு ஆஜர் எடுக்கிறார். கேள்வியும் அவரே, பதிலும் அவரே. பறவையின் முதுகில் கட்டிய கருவி கணினித் திரையில் புள்ளி காட்டினால் ‘உள்ளேன்’. பதினேழு மட்டும் பன்னிரண்டு நாளாகப் பதிவேட்டில் ‘வரவில்லை’. “சொல்லாம கொள்ளாம போனா என்ன அர்த்தம்?” என்று மனைவி விஜயாவைக் கேட்கிறார், அவள்தான் வழியனுப்பி வைத்ததுபோல.

இந்திய ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம். ஓய்வுபெற்று சிட்னிக்கு வந்தவர் விமானம் ஓட்டப் படித்தார். ஏரிகளின் மேல் தாழப் பறந்து பறவை எண்ணும் வேலை கிடைத்தது. எண்ணியது போதாமல் ஐம்பத்திரண்டு வயதில் ஆராய்ச்சி மாணவராகவும் சேர்ந்துகொண்டார். மனிதர் மட்டும் மாறவில்லை. பறவைக் கூட்டம் வரிசை தப்பினால் விமானத்திலிருந்தே அதட்டுவார். லீவு விஷயத்தில் பரம கஞ்சர். “என் தங்கச்சி கல்யாணத்துக்கு அவருக்கே அவர் லீவு குடுத்துக்கலை” என்பது விஜயாவின் தீராத குறை.

அன்று செவ்வாய். ஆய்வுக்குழுத் தலைவி சிவாஜினி அழைத்தாள். யாழ்ப்பாணத்துக்காரி.

“அண்ணை, வெள்ளிக்கிழமை அறிக்கை போகவேணும். பதினேழு செத்துப்போச்சுதெண்டு எழுதுங்கோ.”

“உடம்பைப் பார்க்காம எழுத மாட்டேம்மா.”

பனிமலையில் காணாமல் போன ஒரு சிப்பாயை ஒருமுறை அப்படி எழுதியிருக்கிறார். நான்காம் நாள் அவன் நடந்தே வந்தான். அதற்குள் செய்தி அவன் வீட்டுக்குப் போயிருந்தது. அதற்குக் கீழே இருந்தது இவர் கையெழுத்து.

மூன்று நாள் ஏரி ஏரியாகப் பறந்து தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. வெள்ளிக் காலை பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தவருக்கு சிவாஜினியிடமிருந்து ஒரு படம் வந்தது. “அண்ணை, உங்கட ஆள் கிடைச்சிட்டார்!”

கடற்கரை மீன்கடையின் தகரக் கூரைக்கடியில், காலில் பதினேழாம் எண் வளையத்தோடு, கொழுத்துப்போய் நின்றது பறவை. மீன் குடலுக்காக நாள் முழுக்க நிழலிலேயே நின்றதில், வெயிலில் சார்ஜ் ஏறவேண்டிய கருவி படுத்துவிட்டது.

“ராஸ்கல்” என்றார் மேஜர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இப்ப என்ன, கோர்ட் மார்ஷலா?” என்றாள் விஜயா.

அவர் பதிவேட்டைப் பின்னால் புரட்டினார். பதினைந்து ‘வரவில்லை’களையும் ஒவ்வொன்றாக அடித்து, அவற்றின் மேல் நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்: ‘லீவு அனுமதிக்கப்பட்டது.’