டேப் சுற்றிய மூடி

திரேஸ்புரம் டீக்கடையில் மரியான் அண்ணனுக்கு டீ போடுவது லேசான வேலை இல்லை. கிளாஸைக் கழுவும்போதே எட்டிப் பார்ப்பார். மீன் ஏலத்தில் தராசைப் பார்க்கமாட்டார். தராசு பிடித்தவனின் கட்டைவிரலைப் பார்ப்பார். மண்ணெண்ணெய் வாங்கினால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு முகர்வார். அவருடைய வள்ளத்தில் நான் வலை இழுக்கிறேன். வாயே திறக்காததால் என்மேல் சந்தேகம் இருக்காது என்று நினைத்திருந்தேன். "பேசாதவன் என்னமோ யோசிக்கான்" என்று வீட்டில் சொன்னாராம்.

எல்லாரையும்விட அவர் சந்தேகப்பட்டது ஜாக்சனை. அவர் மனைவி ஜாஸ்லினின் தம்பி. வள்ளத்தில் மோட்டாரைப் பார்த்துக்கொள்பவன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. ஊரே பூசையில் இருக்கும். வள்ளங்கள் கேட்பாரற்றுக் கிடக்கும். ஒரு ஞாயிறு ஜாக்சன் கோயிலுக்கு வரவில்லை. வள்ளத்தில் உட்கார்ந்திருந்தான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மறுநாள் கடலில் மோட்டார் நின்றது. அண்ணனுக்கு அது போதும்.

"டேங்க்ல தண்ணி ஊத்திருக்கான்."

"போன் பேசப் போனேன் அத்தான். வீட்டுல வச்சுப் பேச முடியுமா? பூசைக்குப் போகாத எங்க ஆச்சி காது அங்கனயேதான் இருக்கும்."

முத்தையாபுரத்திலிருந்து மெக்கானிக் வேதமணி வந்து பிளக்கைக் கழற்றினார். கரி அப்பியிருந்தது. துடைத்து மாட்டியதும் மோட்டார் ஓடியது. "பழைய மோட்டாருல்லா, கரி பிடிக்கும்" என்றார். அண்ணன் நம்பவில்லை. அன்றிலிருந்து கரையேறியதும் எண்ணெய்க் குழாயைக் கழற்றி, டேங்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அங்கேயே எண்ணெய் நிரப்பி, வேறு கை பட்டால் தெரியவேண்டும் என்று, மூடி முழுக்கக் கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றினார். காலையில் அதைத் தடவிப் பார்த்த பிறகுதான் வள்ளத்தில் வைப்பார்.

அப்புறம்தான் மோட்டாருக்கு நிஜமான வியாதி வந்தது. கிளம்பும்போது நன்றாக ஓடும். கரை மங்கலாகும் நேரத்தில் திணறி நிற்கும். கொஞ்சம் ஆறவிட்டால் ஓடும், மறுபடி நிற்கும். வேதமணியின் கடைக்குக் கொண்டுபோனோம். அவர் மோட்டாரைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி, தன் கேனிலிருந்து எண்ணெய் கொடுத்து ஓட்டினார். நிற்கவே இல்லை.

"ஓடுதே அண்ணாச்சி!"

"இங்கன ஓடும். அவன் கூட இருந்தாத்தான நிக்கும்?"

வேதமணி என்னைப் பார்த்தார். நான் டிரம்மைப் பார்த்தேன்.

மறுநாள் வள்ளத்தைத் தள்ளும்போது அண்ணன் சொன்னார்: "ஏலே ஜாக்சன், இன்னிக்கும் நின்னுதுன்னா நீ வேற வள்ளம் பாத்துக்கோ."

ஜாக்சன் மோட்டாரைத் தொடவே இல்லை. கைகளைத் தெரியும்படி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அண்ணனே ஓட்டினார், கண் மட்டும் ஜாக்சனின் விரல்களில் இருந்தது.

கப்பல் போகும் பாதைக்குப் பக்கத்தில் மோட்டார் நின்றது. தூரத்தில் நிலக்கரிக் கப்பல் ஒன்று எங்கள் திசையில் வந்துகொண்டிருந்தது.

"பாத்தியா?" என்றார் அண்ணன். குரலில் பயமும் இருந்தது, ஜெயித்த சந்தோஷமும் இருந்தது.

"என்னத்தப் பாக்க? நான் அசையவே இல்லயே! தண்ணியா கெடக்கு உள்ள? வாங்க, பாத்துருவோம்."

ஜாக்சன் பாய்ந்து டேங்கைப் பிடித்தான். அண்ணன் தடுப்பதற்குள் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தான். மூடியைத் திருகியதும் 'புஸ்ஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. எண்ணெய் ஏற்ற அமுக்கும், குழாயின் நடுவில் சப்பிப்போய்க் கிடந்த ரப்பர் பந்து எங்கள் கண்முன்னே உப்பியது.

மூடியின் நடுவில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. எண்ணெய் இறங்க இறங்கக் காலியாகும் இடத்துக்குக் காற்று வந்தால்தான் மேற்கொண்டு எண்ணெய் இறங்கும். அதன்மேல்தான் டேப் சுற்றியிருந்தது.

ஜாக்சன் பந்தை அமுக்கிவிட்டு மோட்டாரின் கயிற்றை இழுத்தான். ஓடியது. கப்பல் பாதையிலிருந்து விலகி வந்தோம்.

"இந்த டேப்பு வித்தவன் இதச் சொல்லலயே" என்றார் அண்ணன் கடைசியில்.

ஜாக்சன் சிரித்துவிட்டான். நான் வலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

கரையில் அவர் அவனைப் பார்க்காமலேயே சொன்னார்: "காலைல நேரத்துக்கு வந்துரு."

"வாரேன். ஆனா டேங்கு என் வீட்டுலதான் இருக்கும்."

அண்ணன் மூடியை ஒருமுறை தடவிவிட்டு டேங்கை அவனிடம் நீட்டினார். அவன் தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"போலே," என்றார் என்னிடம் மெதுவாக, "எங்க வைக்கான்னு மட்டும் பாத்துட்டு வா."